'ரைட்' சொல்லாத ஞாயிற்றுக்கிழமை

ஆங்கிலேயர்கள் போன இடங்களை விட்டுக் கிளம்ப அத்தனை காலம் எடுத்துக்கொண்டதற்கு அரசியல் காரணமும் கிடையாது, பொருளாதாரக் காரணமும் கிடையாது. 'ரைட்' என்ற ஒற்றைச் சொல்தான் காரணம்.

மனித குலத்துக்கு இதுவரை தெரியாமல் இருந்த இந்த உண்மையை, மொழியியல் இரண்டாம் ஆண்டு மாணவன் ரோவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் அப்பாவின் காரில் முன் இருக்கையில் அமர்ந்து வெளியிட்டான். மனித குலம் அப்போது வேறு வேலையில் இருந்தது. அப்பா நெவில் மட்டும் கேட்டார். வண்டியை ஓட்டிக்கொண்டிருந்ததால் அவரால் எழுந்து போக முடியவில்லை.

"யோசிச்சுப் பாருங்கப்பா. ஒரு வீட்டுக்குப் போறோம். டீ குடிச்சாச்சு, கிளம்பணும். என்ன பண்றோம்? ரெண்டு கையாலயும் தொடையில பட்டுனு தட்டி 'ரைட்'டுங்கறோம். உடனே கிளம்புறோமா? இல்ல. மறுபடி உக்காந்து அரை மணி நேரம் பேச்சு. அப்புறம் 'ரைட், அப்போ'ன்னு ரெண்டாவது. எந்திரிச்சு நின்னுக்கிட்டே முழங்கால் வலியப் பத்தி விசாரணை. கோட்டு மாட்டிக்கிட்டு மூணாவது. கார்ல ஏறிக் கண்ணாடிய இறக்கி நாலாவது. டீ குடிச்ச வீட்டை விட்டு வரவே இந்தப் பாடுன்னா, நாடு நாடா எந்திரிச்சு வர எத்தனை நூறு வருஷம் ஆகும்?"

தமிழ்நாட்டில் நடத்துநர் 'ரைட்' என்றால் பேருந்து நகர்ந்துவிடும். யார்க்‌ஷயரில் அதே சொல்லுக்கு, இப்போதைக்கு யாரும் நகரப்போவதில்லை என்று பொருள்.

நெவில் ஸ்கிப்டனில் தரைவிரிப்புக் கடை வைத்திருப்பவர். அவர் வாயிலிருந்து வரும் 'ரைட்'களை ஆராய்ந்துதான் ரோவன் கல்லூரியில் கட்டுரையே எழுதினான். அடுப்படியில் தனியாக நின்று, கெட்டிலைப் போடுவதற்கு முன் சொல்வது, தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் உத்தரவு. பக்கத்து வீட்டுக்காரர் தன் பூனைக்குக் கதவு திறக்கத் தெரியும் என்று சொல்லும்போது 'ரை...ட்' என்று இழுப்பது, நம்பவில்லை என்பதை நாகரிகமாகத் தெரிவிப்பது. மனைவி பேசும்போது நடுநடுவே போடும் 'ரைட், ரைட்', காதில் விழுகிறது, மண்டைக்குள் போகவில்லை என்பதற்கு. கடையில் விலையைக் கேட்டுவிட்டு ஒருவர் 'ரைட்' என்றால், இந்த ஜென்மத்தில் அவர் அந்தக் கம்பளத்தை வாங்க மாட்டார். இவை எல்லாவற்றுக்கும் தலைமை தாங்குவது, தொடையில் தட்டிச் சொல்லும் கிளம்பல் 'ரைட்'. கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. மாணவர் மன்றத்தில் அப்பாவைப் போலவே தட்டி நடித்துக்காட்டியதற்கு அதைவிட நல்ல கைதட்டல் கிடைத்தது.

அதைக் காரிலும் நடித்துக்காட்டினான். தொடையில் தட்டிப் பாதி எழுந்தான். சீட் பெல்ட் பிடித்து இழுத்து உட்காரவைத்தது.

"ரைட்" என்றார் நெவில்.

"பாத்தீங்களா! இது வேற வகை. 'கேட்டுக்கிட்டேன், பிடிக்கல'ன்னு அர்த்தம்."

நெவில் ஒரு ரவுண்டானாவைப் பொறுமையாகச் சுற்றி முடித்தார். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. கோபத்தை மடித்து வைத்துக்கொள்கிற ஆள்.

"சரிடா. இன்னைக்கு அந்த வார்த்தைய நான் வாயில எடுக்கல. உங்க அத்தை வீட்ல இருந்து நீயே கிளப்பிக் கூட்டிட்டு வா."

"இதென்ன பெரிய விஷயமா? 'நாங்க கிளம்புறோம்'னு சொல்லுவேன். எந்திரிப்போம். வந்துடுவோம். உலகத்துல மத்த மனுஷங்க அப்படித்தான் கிளம்புறாங்க."

"அத்தை கிளம்பச் சொல்லி, மாமா வாசல் வரைக்கும் வந்தாத்தான் நான் எந்திரிப்பேன். அதுவரைக்கும் நகர மாட்டேன்."

"நானும் அந்த வார்த்தையச் சொல்ல மாட்டேன். உயிர் போனாலும்."

"உயிரெல்லாம் வேணாம்டா. உங்கம்மா கேப்பா."

ரோவன் தொண்டையைச் செருமினான். "ஒண்ணு மட்டும்பா. அஞ்சு மணிக்கெல்லாம் கிளம்பிடணும். அஞ்சே முக்கால் வண்டிக்கு நான் ஸ்டேஷன்ல இருந்தாகணும்."

"யாரு வர்றா?"

"யாரும் வரல. ஒருத்தங்க போறாங்க."

"ஒருத்தங்க" என்று நெவில் அந்தச் சொல்லை நாக்கில் வைத்து ருசி பார்த்தார். ரோவனுக்கு ஜன்னலுக்கு வெளியே மேய்ந்த செம்மறியாடுகள் மீது திடீரென்று ஆர்வம் வந்தது.

போகிறவள் ஹெட்டி. அவனோடு படிப்பவள். ஒரு வருடப் படிப்புக்காக மறுநாள் காலை நார்வேக்குப் பறக்கிறாள். மாணவர் மன்றத்தில் எல்லோரும் கைதட்டிய அன்று அவள் மட்டும், "உங்கப்பா பாவம்டா" என்றாள். சொல்லிவிட்டு அவன் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பிலிருந்து ரோவன் இன்னும் மீளவில்லை. முந்தின நாள் செய்தி அனுப்பியிருந்தான்: 'நீ போறதுக்குள்ள ஒண்ணு சொல்லணும்.' பதில் வந்தது: 'ஸ்கிப்டன் ஸ்டேஷன், அஞ்சே முக்கால் வண்டி. நேர்ல வந்து சொல்லு. போன்ல வந்தா படிக்க மாட்டேன்.'

ஓட்டுநர் தேர்வில் ரோவன் இரண்டு முறை தோற்றவன். மலை மேலிருக்கும் லினெட் அத்தையின் கிராமத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பேருந்து கிடையாது. ஆகவே அவன் காதல் முழுவதும் அப்பாவின் கார்ச் சாவியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ட்ரெவர் மாமா எல்லா ஞாயிறும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "எந்த ரோட்ல வந்தீங்க?"

"மேல் ரோடு" என்றார் நெவில்.

"மேல் ரோடா! பாலத்துக்கிட்ட தோண்டிப் போட்டிருக்கானே?"

"ரை—" என்று தொடங்கிய நெவில், சொல்லைப் பாதியில் விழுங்கி இருமினார். ரோவன் புன்னகைத்தான். மாட்டிறைச்சி ரோஸ்ட் வந்தது, குழம்பு வந்தது, பாலத்தடியில் தோண்டிய பள்ளத்தின் வரலாறு வந்தது. பிறகு நால்வரும் கூடத்து சோபாக்களில் சரிந்தார்கள். டீ வந்தது.

ஐந்து மணி அடிக்கப் போகையில் ரோவன் எல்லோரும் பார்க்கும்படி கையைத் தூக்கிக் கடிகாரம் பார்த்தான்.

"புதுசா கண்ணு? அழகா இருக்கு" என்றாள் அத்தை.

"இல்ல அத்தை. ஸ்டேஷனுக்குப் போகணும், நேரமாகுது."

"அட, இங்கிருந்து இறங்குனா ஸ்டேஷன். நிறைய நேரம் இருக்கு. எலுமிச்சை கேக்கு வெட்டவே இல்லையே இன்னும்!" கேக்கை வெட்டினாள். வெட்டிய துண்டு ஒரு செங்கல் அளவுக்கு இருந்தது.

கேக் முடிந்ததும் ரோவன் எழுந்து நின்றான். எழுந்து நிற்பதை எந்த நாட்டிலும் யாரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவன் கணக்கு.

"மாடியில வலது பக்கம்" என்றார் மாமா. "இரு, நானும் வரேன். புது ஃப்ளஷ் மாட்டியிருக்கேன், அதுல ஒரு சூட்சுமம் இருக்கு." மாடிக்குக் கூட்டிப்போய் இரண்டு தடவை இழுத்துக் காட்டினார். தண்ணீர் சுழன்று இறங்குவதைப் பார்த்தபடி ரோவன் ஹெட்டியை நினைத்துக்கொண்டான்.

இறங்கி வந்தவன் நேராகப் போய்க் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்றான்.

"ஐயோ, புள்ளைக்குக் குளுருது ட்ரெவர்!" என்று அத்தை பதறினாள். மாமா ஓடிப்போய் ஹீட்டரைக் கூட்டினார். சற்று நேரத்தில் மற்ற மூவரும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்க, ரோவன் மட்டும் கோட்டுக்குள் வெந்துகொண்டிருந்தான். நெவில் முதுகுக்கு ஒரு திண்டைக் கொடுத்து, சோபாவில் இன்னும் கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தார்.

கடைசியில் ரோவன் அறிவாளியின் ஆயுதத்தையே எடுத்தான். தெளிவான வாக்கியம்.

"அத்தை, நாங்க கிளம்புறோம்."

கூடத்தில் ஒரு கெட்ட வார்த்தை விழுந்தது போல ஆனது. மாமா கோப்பையைப் பாதி வழியில் நிறுத்தினார். அத்தையின் முகம் மெல்ல இறங்கியது.

"நான் எதாவது தப்பா சொல்லிட்டேனா கண்ணு?"

"இல்ல அத்தை..."

"கறி வேகலையா?" என்றார் மாமா.

"நல்லா வெந்துச்சு மாமா!"

"பின்ன ஏன் இப்படி வெடுக்குனு..." அத்தை கைக்குட்டையைத் தேடினாள். "நெவில், அவனுக்கு காலேஜ்ல எதாவது பிரச்சனையா?"

"மொழியியல் படிக்கிறான்" என்றார் நெவில், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்ற குரலில்.

அத்தையைச் சமாதானப்படுத்த ரோவன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து இன்னொரு செங்கல் கேக் சாப்பிட வேண்டியதாயிற்று. வாய் நிறைய கேக்கோடு டாக்ஸிக்கு போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை, மலை மேல், ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

நெவில் காலிக் கோப்பையோடு அடுப்படிக்குப் போனதும் பின்னாலேயே ஓடினான்.

"அப்பா, போதும்பா. சொல்லுங்க."

"என்னத்தச் சொல்றது?"

"அதான். அந்த வார்த்தை."

"எந்த வார்த்தை? அது நாட்டுக்கே தீங்குன்னு யாரோ சொன்னாங்களே."

"அப்பா, அது ஒரு பொண்ணுப்பா." வாய்விட்டுச் சொல்லியாயிற்று. "பேரு ஹெட்டி. ஒரு வருஷத்துக்கு நார்வே போறா. போறதுக்குள்ள நான் சொல்லணும்."

நெவில் கோப்பையை வைத்தார். முகம் இளகியது. இளகிய முகத்தோடேயே தலையை ஆட்டினார். "எனக்கும் கிளம்பணும்டா. நாலரைலேர்ந்து கை தன்னால தொடைக்குப் போகுது, நான்தான் கையத் தூக்கித் தொடைக்கு அடியில போட்டு உக்காந்திருக்கேன். பாரு, மரத்துப் போச்சு. ஆனா நான் சொல்லிட்டேன்னா, நாளைக்கு உன் மன்றத்துல இதையும் நடிச்சுக் காட்டுவே."

"மாட்டேன்."

"காட்டுவே. உன் மூஞ்சி எனக்குத் தெரியும்."

தன் மூஞ்சியைத் தனக்கும் தெரியும் என்பதால் ரோவனால் மறுக்க முடியவில்லை. நெவில் மறுபடி சோபாவுக்குப் போனார். ரோவன் அடுப்படியிலேயே நின்று அடுத்த உபாயத்தை யோசித்துக்கொண்டிருந்தபோது, மாடிப்படிக்குக் கீழே அத்தையும் மாமாவும் கிசுகிசுப்பது கேட்டது.

"மணி என்ன ஆச்சு பாருங்க. நெவில் இன்னும் சொல்லவே இல்லையே!" இது அத்தை.

"அதான் எனக்கும் புரியல. ஆறு மணிக்குக் கிளப்ல வினாடி வினா. நான்தான் கேப்டன். நான் இல்லாம புவியியல் யாரு சொல்றது?"

"நாமளா எப்படிங்க சொல்றது, வந்தவங்ககிட்ட? அவர்தானே சொல்லணும்?"

"நான் மூணு தடவை கொட்டாவி விட்டேன். உங்கண்ணன் திண்ட எடுத்து முதுகுக்கு வச்சுக்கறாரு!"

அத்தையின் குரல் இன்னும் இறங்கியது. "எனக்கென்னமோ வீட்ல சண்டைன்னு தோணுது. அவர் பொண்டாட்டி அவரை வெளியே அனுப்பிட்டா. புள்ளையும் வெடுக்குனு பேசுறான், கோட்டக் கழட்ட மாட்டேங்கறான். ராத்திரி இங்கயே தங்கத்தான் வந்திருக்காங்க. பாவம், வாய் வரல."

"அய்யய்யோ. எத்தனை நாளைக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நான் போய்ப் போர்வைய எடுக்கறேன்."

அத்தை மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. ரோவன் கண்ணாடி அலமாரியில் சாய்ந்தான். அந்த வீட்டில் இருந்த நான்கு பேருக்கும் ஒரே ஆசைதான். யாராவது யாரையாவது வீட்டை விட்டுப் போகச் செய்ய வேண்டும். நால்வரும் அதற்காக ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, கிரகணம் விடக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

போன் அதிர்ந்தது. ஹெட்டி. 'பிளாட்பாரத்துல நானும் ஒரு புறாவும். புறாவுக்கும் என்கிட்ட சொல்ல ஒண்ணும் இல்லையாம்.'

ரோவன் கூடத்துக்குப் போனான். மாமா வந்து உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை இரண்டு போர்வைகளும் ஒரு தலையணையும் அணைத்தபடி, துக்க வீட்டுக்கு வந்தவள் போன்ற முகத்தோடு படியிறங்கி வந்தாள். நெவிலின் கைகள் தொடைக்கு அடியில் இருந்தன.

நின்றபடி சொன்னால் செல்லாது என்பது அவனுக்குத் தெரியும். அவனுடைய கட்டுரையிலேயே இருக்கிறது. போய் சோபா விளிம்பில் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் தூக்கினான். தொடையில் தட்டினான். பயிற்சி எடுத்த கைகள், சத்தம் சுத்தமாக விழுந்தது.

"ரைட்."

அத்தை போர்வைகளை அப்படியே மாடிப்படிக் கைப்பிடியில் போட்டாள். மாமா வயதை மறந்து துள்ளி எழுந்தார். நெவில் தன் கைகளை விடுதலை செய்து உதறினார். "அதுக்குள்ளயா?" என்று அத்தை கேட்டபோது அவள் கையில் நெவிலின் கோட்டு இருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போலாமே" என்று மாமா வற்புறுத்தியபோது வாசல் கதவு திறந்திருந்தது.

"ரைட், அப்போ" என்றான் ரோவன் வாசலில், விறைக்கவைக்கும் குளிர்காற்றைக் கோட்டுக்குள் வாங்கிக்கொண்டு. முழங்கால் வலி விசாரிக்கப்பட்டது. பரவாயில்லை என்று பதில் வந்தது. காரில் ஏறியதும் கண்ணாடியை அவனே இறக்கினான். காகிதத்தில் சுற்றிய மீதிக் கேக் ஜன்னல் வழியே மடியில் வந்து விழுந்தது.

"மேல் ரோட்ல போகாதீங்க!" என்று மாமா கத்தினார்.

"அடிக்கடி வா கண்ணு. புள்ள எவ்வளவு மரியாதையா கிளம்புறான் பாருங்க" என்றாள் அத்தை.

கார் கீழ் ரோட்டில் இறங்கியது. ஒரு வளைவு, இரண்டு வளைவு. நெவிலின் உதட்டோரம் துடித்தது.

"சொல்லாதீங்க" என்றான் ரோவன்.

"நான் வாயே திறக்கலையே."

"தோள் குலுங்குது."

"ரோடு சரியில்ல" என்றார் நெவில், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே.

ஸ்டேஷன் வாசலில் கார் நிற்பதற்குள் ரோவன் கேக் பொட்டலத்தோடு இறங்கி ஓடினான். பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில், ஒரு பெரிய பெட்டி மேல் கால் நீட்டி ஹெட்டி உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் வண்டியின் விளக்கு தெரிந்தது.

"ஏன்டா இவ்வளவு நேரம்?"

"கிளம்ப முடியல."

"கோட்டுல கேக்கு ஒட்டியிருக்கு."

"இருக்கட்டும். ஹெட்டி, எனக்கு உன்னப் பிடிச்சிருக்கு. ரொம்ப. இப்பப் போய்ச் சொல்றேன்னு தெரியும்."

ஹெட்டி அவனைப் பார்த்தாள். "ரைட்" என்றாள்.

ரோவன் நின்றான். அத்தனை வகைகளையும் பிரித்து எழுதி மதிப்பெண் வாங்கியவனுக்கு இது எந்த வகை என்று பிடிபடவில்லை. இழுக்கவில்லை. தட்டவில்லை. கேட்டுக்கொண்டேன், பிடிக்கவில்லை என்பதா? கம்பளம் வேண்டாம் என்பதா? வண்டி வந்து நின்றது. கதவுகள் திறந்தன. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். ஹெட்டி பெட்டியின் மேலிருந்து காலை எடுக்கவில்லை.

"வண்டி..." என்றான்.

"தெரியுது."

கதவுகள் மூடிக்கொண்டன. வண்டி போயிற்று.

"அரை மணியில இன்னொண்ணு இருக்கு" என்றாள். "ராத்திரி அக்கா வீட்லதான் தங்குறேன், லேட்டாகும்னு சொல்லிட்டேன். உக்காரு. அந்தக் கேக்கையும் எடு, பசிக்குது."

ரோவன் உட்கார்ந்தான். கேக் காகிதத்தைப் பிரித்தார்கள். நார்வேயில் எப்போது பனி விழும், கிறிஸ்துமஸுக்கு வருவாளா, அங்கே போக விமானம் என்ன விலை, மாமாவின் புது ஃப்ளஷ், அத்தை எடுத்து வந்த போர்வை என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. போர்வைக் கட்டத்தில் ஹெட்டி சிரித்த சிரிப்பில் புறா பறந்துபோனது. எப்போது அவள் கை அவன் கைக்குள் வந்தது என்று இருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த வண்டியின் விளக்கு தூரத்தில் தெரிந்தது. ரோவன் அவள் கையை மெதுவாக விட்டான். யாரும் பார்க்காத அந்தப் பிளாட்பாரத்தில், இரண்டு உள்ளங்கைகளையும் சத்தம் வராமல் தொடையில் வைத்தான்.

"ரைட்" என்றான்.

"ரைட்" என்றாள் ஹெட்டி.

இருவரும் எழுந்திருக்கவில்லை.